கானுயிர் ஒளிப்படமும் தொலைப்பட ஜூம் லென்சும்

தொலைவில் உள்ள பொருளை அருகில் இருப்பதுபோல் பெரிதாகப் படமெடுக்க உதவும், நீண்ட குவியத் தொலைவு கொண்ட லென்சு தொலைப்பட லென்சு எனப்படுகிறது. பேச்சு வழக்கில் டெலிபோட்டோ லென்சு என்பர். குவியத் தொலைவை ஒரே லென்சுக்குள் கூட்டவும் குறைக்கவும் முடிந்தால் அது ஜூம் லென்சு. இவை இரண்டும் தனித்தனியே பிறந்தவை. தொலைப்பட லென்சு 1891-இல் வந்தது. ஜூம் லென்சுக்கான காப்புரிமை 1902-இல் வழங்கப்பட்டது. ஆனால் இரண்டும் சேர்ந்த ஒரு லென்சைக் கையில் ஏந்திக் காட்டுக்குச் சென்று, முக்காலி இல்லாமல் நல்ல படத்துடன் திரும்புவது இயல்பான செயலாக மாற ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த நூறு ஆண்டுத் தாமதத்தின் காரணங்களை அறிந்தவருக்கு, இன்று கடையில் வரிசையாக நிற்கும் லென்சுகளில் எது தமக்கு உகந்தது என்று முடிவு செய்வது எளிதாகும்.

அடிப்படைக் கணக்கு

லென்சைப் பற்றிய எல்லாப் பேச்சுக்கும் அடியில் இரண்டு எளிய கணக்குகள் உள்ளன. பள்ளி இயற்பியலுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

முதலாவது, பிம்பத்தின் அளவு. ஆற்றங்கரைகளில் காணப்படும் சிறு மீன்கொத்தி ஏறத்தாழ 16 செ.மீ. நீளம் உள்ளது. அது 10 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கையில் 50 மி.மீ. லென்சால் எடுத்தால் பிலிமில் விழும் பிம்பம் 0.8 மி.மீ. மட்டுமே. 500 மி.மீ. லென்சில் அது 8 மி.மீ. ஆகிறது. 35 மி.மீ. பிலிமின் சட்டம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது என்பதை நினைவிற்கொண்டால், முதற்படத்தில் பறவை ஒரு புள்ளி என்பதும் இரண்டாவதில்தான் அது பறவை என்பதும் விளங்கும்.

இரண்டாவது, ஒளியின் அளவு. எஃப் எண் என்பது குவியத் தொலைவை ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. எனவே 600 மி.மீ. எஃப்/4 லென்சுக்கு 150 மி.மீ. விட்டமுள்ள முன்கண்ணாடி வேண்டும்; அதாவது ஒரு சிறு தட்டின் அளவு. எஃப்/6.3 போதுமென்றால் 95 மி.மீ.; எஃப்/11 என்றால் 55 மி.மீ. கண்ணாடியின் விட்டம் கூடினால் எடையும் விலையும் அதைவிட வேகமாகக் கூடும். எந்த நாட்டு எந்த நிறுவனமும் இந்தக் கணக்கிலிருந்து தப்பியதில்லை. வரலாற்றில் மாறியதெல்லாம், ஒரு படத்துக்கு எவ்வளவு ஒளி தேவைப்படுகிறது என்பதுதான்.

டால்மேயரின் குழாய்

நீண்ட குவியத் தொலைவு வேண்டுமென்றால் கேமராவையும் அதே அளவு நீட்ட வேண்டும் என்பதே 19-ஆம் நூற்றாண்டின் நிலை. ஒரு மீட்டர் குவியத் தொலைவுக்கு ஒரு மீட்டர் நீளத் துருத்தி. குவிலென்சுக்குப் பின்னால் ஒரு குழிலென்சை வைத்தால் பெரிய பிம்பத்தைக் குறைந்த நீளத்தில் பெறலாம் என்பதை யோகன்னஸ் கெப்ளர் 1611-லேயே எழுதியிருந்தார். 1834-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ இதே கருத்தில் தொலைநோக்கிக்கான குழிலென்சு ஒன்றை அமைத்தார். ஒளிப்படத்துக்கு இதைக் கொண்டுவந்த பெருமை 1891-இல் மூவருக்கு ஒரே நேரத்தில் கிட்டியது: லண்டனில் தாமஸ் ருடால்பஸ் டால்மேயர், பெர்லினில் அடால்ப் மீத்தே, மியூனிக்கில் அடால்ப் ஸ்டைன்ஹைல். ஒருவரையொருவர் அறியாமல் மூவரும் செய்தனர். டால்மேயர் 1899-இல் இத்துறை பற்றித் தனி நூலே வெளியிட்டதால் அவர் பெயர் முன்னால் நிற்கிறது.

சரியான பொருளில் தொலைப்பட லென்சு என்பது இதுதான்: குவியத் தொலைவைவிடக் குட்டையான லென்சு. நீண்ட லென்சுகள் எல்லாவற்றையும் அப்பெயரால் அழைப்பது பின்னாளில் வந்த பழக்கம்.

டால்மேயரின் குழாயில் குவிலென்சுக்கும் குழிலென்சுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மாற்றி உருப்பெருக்கத்தை மாற்றலாம். அவ்வகையில் அது ஜூம் லென்சின் பாட்டன் என்றும் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் குவியத்தை மீண்டும் சரிசெய்ய வேண்டும். பெரிய இடையூறு அதுவன்று. குவியத் தொலைவை மூன்று மடங்காக்கினால் தட்டில் விழும் ஒளி ஒன்பதில் ஒரு பங்காகிறது. அக்காலக் கண்ணாடித் தட்டுகளோ மந்தமானவை. மலையையும் கோட்டையையும் கோபுர உச்சியையும் அந்தக் குழாய் நன்றாகவே படமெடுத்தது. அவை அசையாமல் நிற்கும். மான் நிற்காது.

அருகே சென்றவர்கள்

ஆகையால் தொலைப்பட லென்சு பிறந்த பின்பும் கானுயிர் ஒளிப்படக்காரர்கள் அருகே செல்லும் வழிகளையே தேடினர். இங்கிலாந்தின் யார்க்சயரைச் சேர்ந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் பறவைக் கூடுகளைப் படமெடுக்கத் தொடங்கினர். 1895-இல் வெளிவந்த அவர்களது நூல், இயற்கையில் நேரடியாக எடுத்த ஒளிப்படங்களால் நிரம்பியது. பறவைகள் அஞ்சாமலிருக்க ஒரு மாட்டின் தோலைப் பாடம் செய்து, உள்ளே வெற்றிடம் விட்டு, அதற்குள் ஒருவர் கேமராவுடன் நின்றார். ஒருமுறை உள்ளே நின்றவருக்கு மயக்கம் வந்து, மாடு கால்கள் மேலே தெரியக் கவிழ்ந்தது. நகைப்புக்கு இடமான செய்திதான்; ஆயினும் இன்று பறவை ஒளிப்படக்காரர் பயன்படுத்தும் மறைவிடக் கூடாரத்தின் முன்னோடி அந்த மாடுதான்.

அமெரிக்காவில் ஜார்ஜ் சைராஸ் இரவில் படகில் அமர்ந்து, வெடிப்பொடி ஒளியால் மான்களைப் படமெடுத்தார். 1906 சூலை நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரான கார்ல் கியார்க் சில்லிங்ஸ் பகலில் தொலைப்பட லென்சையும் இரவில் வெடிப்பொடியையும் பயன்படுத்தினார். அவரது புகழ்பெற்ற சிங்கப் படங்களில் பல, கட்டிவைத்த இரையை நாடிவந்த சிங்கங்களின் படங்கள். விலங்கை நாம் நெருங்க முடியாவிட்டால் விலங்கை நம்மிடம் வரவழைப்பது என்ற அந்த முறை இன்று அருவருப்பாகத் தோன்றலாம். அக்காலத்தில் அது துப்பாக்கியைக் கீழே வைத்ததன் முதற்படியாகக் கருதப்பட்டது.

இந்தியாவில் இவ்வழியின் உச்சத்தைத் தொட்டவர் எஃப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த அவர், புலி நடக்கும் தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, புலியின் கால் பட்டதும் வெடிப்பொடி ஒளிரவும் ஷட்டர் திறக்கவும் செய்தார். 1925-இல் லண்டன் பத்திரிகையில் அப்படங்கள் வெளிவந்தன, 1927-இல் நூலானது. அதற்குத் தொலைப்பட லென்சே தேவைப்படவில்லை. புலி தானே வந்து தன்னைப் படமெடுத்துக்கொண்டது. இன்று புலிக் கணக்கெடுப்புக்கு வைக்கப்படும் தானியங்கிக் கேமராக்கள் இதே மரபில் வந்தவை.

நெருங்கிச் செல்வதற்கு விலையும் இருந்தது. 1937-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பறவை ஒளிப்படக்காரரான எரிக் ஹாஸ்கிங், வேல்சில் ஆந்தைக் கூட்டருகே அமைத்த மறைவிடத்துக்கு இரவில் திரும்பியபோது ஆந்தை தாக்கி இடக்கண்ணை இழந்தார். ஆந்தையின் மீது குற்றமில்லை. அது தன் குஞ்சுகளைக் காத்தது. ஹாஸ்கிங்கும் அவ்வாறே கருதி, ஒற்றைக் கண்ணோடு பல பத்தாண்டுகள் தொழிலைத் தொடர்ந்தார். பறவைக் கூட்டை நெருங்குவதால் கெடுபவை பெரும்பாலும் மனிதக் கண்கள் அல்ல, முட்டைகளும் குஞ்சுகளும்தான். தாய்ப்பறவை எழுந்து விலகிய அரைமணி நேரத்தில் வெயிலிலேயே குஞ்சுகள் மடியலாம். நீண்ட லென்சின் தேவை வசதிக்காக மட்டும் எழுந்ததன்று என்பதற்கு இது போதும்.

மா. கிருஷ்ணன்

தமிழ்நாட்டில் கானுயிர் ஒளிப்படம் என்றதும் நினைவுக்கு வருபவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதினார். 1960-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தார்.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார். ஒரு நிறுவனத்தின் கேமரா உடலில் இன்னொரு நிறுவனத்தின் லென்சைப் பொருத்தித் தாமே ஒட்டுப்போட்ட கருவி ஒன்றை வைத்திருந்தார். அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரிட்டிருந்தார். அதைப் பார்த்த இளைய ஒளிப்படக்காரர்கள் இது வேலை செய்யுமா என்றே ஐயுற்றனர். படங்களைப் பார்த்தபின் ஐயம் நீங்கினர். காட்டில் பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்து செல்வது அவர் வழக்கம். யானையின் மீது இருப்பவரை மற்ற விலங்குகள் மனிதனாகக் கருதி ஓடுவதில்லை. லென்சு தராத நெருக்கத்தை யானை தந்தது.

கருவியைவிடக் கண்ணும் பொறுமையும் முக்கியம் என்பதற்குக் கிருஷ்ணனை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. அது உண்மையே. ஆனால் பாதி உண்மை. வனத்துறையின் துணையும், யானையும், நாட்கணக்கில் காட்டில் தங்கும் வாய்ப்பும் கிடைத்தவர் அவர். இன்று முதுமலையில் வேனில் ஏறி ஒரு மணி நேரம் சுற்றிவரும் பயணிக்கு அவை எதுவும் கிடைக்காது. இறங்கவும் முடியாது. வண்டி நிற்கும் இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். அவருக்கு லென்சு ஒன்றே வழி.

ஜூம் லென்சின் தொடக்கம்

குவியத் தொலைவை மாற்றினாலும் குவியம் மாறாத லென்சுக்கு அமெரிக்கரான கிளைல் சி. ஆலன் 1902-இல் காப்புரிமை பெற்றார். முதலில் இதை எடுத்துக்கொண்டது திரைப்படத் துறை. 1920-களின் இறுதியில் ஆலிவுட் படங்களில் ஜூம் காட்சிகள் தோன்றின. 1932-இல் 40 முதல் 120 மி.மீ. வரை செல்லும் குக் வேரோ லென்சு விற்பனைக்கு வந்தது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிராங்க் பேக் 1940-களில் ஜூமார் என்னும் லென்சை வடிவமைத்தார். தொலைக்காட்சியின் விளையாட்டு ஒளிபரப்புகள் அதைப் பரப்பின.

நிலைப்படக் கேமராவுக்கு ஜூம் வருவதற்கு 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் தீர வேண்டிய சிக்கல் ஒன்று இருந்தது. பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியை எதிரொளித்து வீணாக்கும். பழைய லென்சுகளில் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறோ எட்டோதான். ஜூமில் இருபதைத் தாண்டும். இருபது பரப்புகளைக் கடந்தால் வந்த ஒளியில் பாதிகூட மிஞ்சாது. வீணான ஒளி உள்ளேயே சிதறிப் படத்தை வெளுக்கச் செய்யும். 1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். போர்க்காலத்தில் இராணுவ இரகசியமாக இருந்த அது, போருக்குப் பின் பொதுவானது. பூச்சு இல்லையேல் ஜூம் இல்லை.

1959-இல் ஜெர்மனியின் ஃபோக்ட்லண்டர் நிறுவனம் பேக் வடிவமைத்த 36–82 மி.மீ. எஃப்/2.8 ஜூமாரை வெளியிட்டது. அதே ஆண்டில் ஜப்பானின் நிக்கான் 8.5 முதல் 25 செ.மீ. வரையிலான தொலைப்பட ஜூமை அறிவித்தது. அப்போது குவியத் தொலைவைச் செண்டிமீட்டரில் குறிப்பதுண்டு. இன்றைய கணக்கில் 85–250 மி.மீ. தொடர்ந்து 1960-களின் தொடக்கத்தில் 200–600 மி.மீ. ஜூம் ஒன்றையும் நிக்கான் கொண்டுவந்தது. இன்று பறவை ஒளிப்படக்காரர் கனவு காணும் அதே 600 மி.மீ. எட்டல், அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது! பிறகு ஏன் காட்டில் அதை எவரும் தூக்கிச் செல்லவில்லை?

அதன் துளை குறுகிய முனையில் எஃப்/9.5, நீண்ட முனையில் எஃப்/10.5. அக்காலத்தின் சிறந்த வண்ணப் பிலிமின் வேகம் ஐ.எஸ்.ஓ. 25 அளவில்தான் இருந்தது. உச்சி வெயிலில் அப்பிலிமுக்கு எஃப்/16-இல் 1/25 விநாடி வேண்டும், எஃப்/10.5-இல் 1/60. மர நிழலில் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது என்றால், ஷட்டர் கால் விநாடி திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்து 600 மி.மீ. லென்சால் எடுக்கக் குறைந்தது 1/600 விநாடியாவது தேவை என்பது பழைய விதி. கால் விநாடியில் மான் காதை அசைத்தாலே படம் கெட்டுவிடும். இதே நிழலில் இன்றைய டிஜிட்டல் கேமராவை ஐ.எஸ்.ஓ. 3200-இல் வைத்தால் உணர்திறன் 128 மடங்கு, அதே எஃப்/10.5-இல் 1/500 விநாடி கிடைத்துவிடுகிறது. லென்சு தவறான நூற்றாண்டில் பிறந்துவிட்டது, அவ்வளவே.

நம்பிக்கை வந்த காலம்

தொடக்க கால ஜூம்களுக்கு நல்ல பெயர் இல்லை. 1963-இல் வந்த நிக்கான் 43–86 மி.மீ. ஏராளமாக விற்றது, கூர்மைக் குறைவுக்கும் பெயர் வாங்கியது. உள்ளே கண்ணாடித் தொகுதிகள் நகரும்போது ஓரிடத்தில் திருத்திய பிழை இன்னோரிடத்தில் தலைதூக்கும். எல்லா இடங்களிலும் சரிபார்க்க ஆயிரக்கணக்கான ஒளிக்கதிர்களைக் கணக்கிட வேண்டும். கணினிகள் அவ்வேலையை ஏற்றபின் நிலை மாறியது. 1970 வாக்கில் வந்த நிக்கானின் 80–200 மி.மீ. எஃப்/4.5, அடுத்த சில ஆண்டுகளில் வந்த விவிடாரின் 70–210 மி.மீ. எஃப்/3.5 ஆகியவை செய்தியாளர்களின் பையில் நிலையான இடம் பெற்றன.

நீண்ட லென்சுகளுக்கே உரிய நிறப்பிறழ்ச்சியும் இதே காலத்தில் அடங்கியது. சிவப்பும் நீலமும் வெவ்வேறு இடத்தில் குவிவதால் கிளையின் ஓரத்தில் ஊதாக் கோடு தெரியும். 1969-இல் கேனன் செயற்கையாக வளர்த்த புளோரைட்டுப் படிகத்தால் ஆன 300 மி.மீ. லென்சை வெளியிட்டது, நிக்கான் தனிவகைக் குறைநிறப்பிரிகைக் கண்ணாடியை உருவாக்கியது. கேனனின் பெரிய லென்சுகள் வெள்ளையாக இருப்பது அழகுக்காக அன்று, வெயிலில் சூடேறிப் படிகம் விரிவடையாமலிருக்க.

1985-இல் மினோல்டா 7000 கேமராவோடு தானியங்கிக் குவியம் பரவியது. 1987-இல் கேனன் லென்சுக்குள்ளேயே மோட்டாரை வைத்தது. பறக்கும் பறவையைக் கையால் குவியப்படுத்துவது வாழ்நாள் பயிற்சி. அதை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. 1995-இல் கேனனின் 75–300 மி.மீ. ஜூம் கை நடுக்கத்தை உள்ளிருந்தே ஈடுசெய்யும் அமைப்புடன் வந்தது. அதுவும் தொழில்முறையாளருக்கான விலையுயர்ந்த லென்சில் அல்லாமல், சாதாரண ஜூம் ஒன்றில் முதலில் வந்தது கவனிக்கத்தக்கது. இந்த அமைப்பு கையின் நடுக்கத்தை மட்டுமே நிறுத்தும். மானின் அசைவை நிறுத்தாது. இன்றும் இதைக் குழப்பிக்கொள்வோர் பலர்.

1998-இல் வந்த கேனன் 100–400 மி.மீ. எஃப்/4.5–5.6 மேலே கூறிய அனைத்தையும் ஒரே குழாயில் சேர்த்தது: புளோரைட்டு, லென்சுக்குள் மோட்டார், நடுக்கம் தவிர்ப்பு, 1.4 கிலோவுக்கும் குறைவான எடை. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும் அதன் ஜூம் முறை தூசியை உள்ளே இழுக்கிறது என்று உலகெங்கும் ஒரு வதந்தி உலவியது. அதையும் மீறி அடுத்த பதினாறு ஆண்டுகள் அது விற்பனையில் இருந்தது. இரண்டாம் வடிவம் 2014-இல் வந்தது.

600 மி.மீ. எல்லோருக்கும்

அடுத்த திருப்பம் 2013 இறுதியில் நிகழ்ந்தது. ஜப்பானின் டாம்ரான் 150–600 மி.மீ. எஃப்/5–6.3 ஜூமை அமெரிக்காவில் சுமார் 1,070 டாலருக்கு விற்பனைக்கு அறிவித்தது. அப்போது 600 மி.மீ. எஃப்/4 லென்சின் விலை 10,000 டாலருக்கு மேல். 2014-இல் சிக்மா அதே அளவில் இரண்டு வடிவங்களைக் கொண்டுவந்தது. ஒன்று சுமார் 1.9 கிலோ, மற்றது 2.9 கிலோ. 2015-இல் நிக்கான் 200–500 மி.மீ. எஃப்/5.6-ஐயும், 2019-இல் சோனி 200–600 மி.மீ.-ஐயும், 2023-இல் நிக்கான் 180–600 மி.மீ.-ஐயும் வெளியிட்டன. டாம்ரான், எடை குறைந்த சிக்மா, இரு நிக்கான்கள், சோனி ஆகிய ஐந்திலும் முன்னால் திருகும் வடிகட்டியின் விட்டம் 95 மி.மீ. போட்டி நிறுவனங்கள் பேசிவைத்துச் செய்ததன்று. 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் வரும் விடை அது.

எஃப்/6.3 என்ற எண்ணும் தற்செயலானதன்று. அன்றைய ஆடிவகைக் கேமராக்களின் தானியங்கிக் குவியம் பெரும்பாலும் எஃப்/5.6 வரையே உறுதியாக வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. 6.3 அந்த எல்லையைச் சற்றே மீறிய எண். கேமராக்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. ஆடியற்ற கேமராக்கள் வந்ததும் அந்த எல்லை தளர்ந்தது. 2020-இல் கேனன் 600 மி.மீ. எஃப்/11 லென்சை ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் விற்றது. அதே ஆண்டில் 1.37 கிலோ எடையில் 100–500 மி.மீ. எஃப்/4.5–7.1 ஜூமையும் வெளியிட்டது.

பயண ஒளிப்படத்தின் கிளை வேறு. 1992-இல் டாம்ரான் வெளியிட்ட 28–200 மி.மீ. ஜூம், 'ஒரே லென்சோடு ஊர் சுற்றலாம்' என்ற எண்ணத்தை நடுத்தர வருவாயினரிடம் கொண்டு சேர்த்தது. அதன் வழிவந்தவை 18–270, 16–300, 18–400 என்று நீண்டுகொண்டே போயின. வீச்சு நீள நீள, கடைசி முனையில் கூர்மை மங்கும் என்பதே இவ்வகையின் பொது நிலை.

தேர்ந்தெடுத்தல்

லென்சு வாங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது "எவ்வளவு தூரம் எட்டும்?" என்பது. அதைவிட முன்னால் கேட்க வேண்டியது, "எந்த வெளிச்சத்தில், எதன்மேல் அமர்ந்து எடுக்கப்போகிறோம்?" என்பது.

வேடந்தாங்கலில் பறவைகள் இடம் மாறுவதில்லை, கூடுகள் நீருக்கு நடுவே மரங்களில் இருக்கின்றன, வெளிச்சம் தாராளம், நடை அதிகமில்லை. அங்கு 600 மி.மீ. வரை செல்லும் இரண்டு கிலோ லென்சு தன் எடைக்கு நியாயம் செய்யும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நிலை வேறு. மூன்று மீட்டர் உயர யானை 50 மீட்டரில் நிற்கையில் 300 மி.மீ. லென்சு அதை 18 மி.மீ. உயரத்துக்குக் காட்டும், சட்டத்தின் உயரம் 24 மி.மீ. என்பதால் அழகாகப் பொருந்தும். அதே யானை 20 மீட்டருக்கு வந்துவிட்டால் 100 மி.மீ. போதும். 600 மி.மீ. மட்டும் வைத்திருப்பவருக்கு யானையின் கண்ணும் காதும்தான் கிடைக்கும். வண்டியிலிருந்து இறங்கிப் பின்வாங்க வழியில்லாத இடத்தில் மாறாக் குவிய லென்சைவிட ஜூம் சிறந்தது என்பதற்கு இதுவே காரணம். 100–400 வகை இங்கே பொருந்துகிறது. அடர் நிழலிலும் விடியலிலும் எடுப்பவர், எட்டலை விட்டுக்கொடுத்து எஃப்/2.8 உள்ள 70–200 மி.மீ. வாங்குவதும் உண்டு, எஃப்/5.6-ஐவிட நான்கு மடங்கு ஒளி அதில் கிடைக்கும்.

கோயில் கோபுரத்தின் சுதை உருவங்களையும், மலைப்பாதையின் காட்சிகளையும், வழியில் தென்படும் பறவைகளையும் எடுக்க விரும்பும் பயணிக்கு 70–300 அல்லது 100–400 அளவில் எடை குறைந்த லென்சு போதும். 2021-இல் வந்த கேனன் 100–400 மி.மீ. எஃப்/5.6–8 வெறும் 635 கிராம். பகல் வெளிச்சத்தில் எஃப்/8 ஒரு குறையன்று. அறையில் விட்டுவந்த இரண்டு கிலோ லென்சைவிடத் தோளில் தொங்கும் அரைக்கிலோ லென்சு நல்ல படம் எடுக்கும்.

லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தும் தொலைமாற்றி பற்றியும் சொல்ல வேண்டும். அது 1834-இல் பார்லோ அமைத்த அதே குழிலென்சுக் கருத்துதான். 1.4 மடங்கு மாற்றி ஒளியைப் பாதியாக்கும். 2 மடங்கு மாற்றி கால் பங்காக்கும். எஃப்/2.8 லென்சோடு அது நன்றாக உழைக்கும். எஃப்/6.3 ஜூமின் பின்னால் 2 மடங்கு மாற்றியை வைத்தால் எஃப்/12.6 ஆகிவிடும், அந்தப் பணத்துக்கு வேறு வேலை கொடுப்பது மேல். சிறிய உணரி கொண்ட கேமரா 1.5 மடங்கு எட்டலைக் கூட்டுகிறது என்பதும் பாதி உண்மையே. பிம்பத்தின் அளவு மாறுவதில்லை. சுற்றியுள்ள பகுதி வெட்டப்படுகிறது.

எந்த லென்சாலும் வெல்ல முடியாதது ஒன்று உண்டு. நண்பகலில் தரை சூடேறும்போது இடையிலுள்ள காற்று நீர்போல் அலையும். கோடியக்கரையின் உப்பளச் சமவெளியில் 200 மீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையை 600 மி.மீ. லென்சால் எடுத்தால் பறவை கரைந்து ஓடுவதுபோல் தெரியும். லென்சு பழுது என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு. அதே லென்சு, அதே பறவை, காலை ஏழு மணிக்கு இறகு இறகாகத் தெரியும்.